மாணிக்கம்மாள் பதித்த கால்

முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வதில் நான் மோசம். காலைக் காட்டினால் சொல்லிவிடுவேன். இருபத்தாறு வருடமாக அடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்புச் செய்துகொடுக்கிறேன். பெயர் அன்பரசன், ஊர் போளூர். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை காவலூரில் எங்கள் முகாம் நடக்கும். அந்த ஊரில் பெரிய பெரிய தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள். நான் அதே ஊரில் நாள் முழுக்கக் குனிந்து பாதங்களைப் பார்த்துவிட்டு பஸ் ஏறுவேன். எனக்கு முன்கோபம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். அளவெடுத்துச் செய்த செருப்பைப் பரணில் வைத்துவிட்டு வெறுங்காலோடு வந்து நிற்கிறவர்களை ஒரு வாரம் என் இடத்தில் இருந்து பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கோபக்காரனை ஒரு கால் வாயடைக்க வைத்தது. அது மாணிக்கம்மாளின் வலது கால்.

மாணிக்கம்மாளுக்கு இப்போது ஐம்பத்து நான்கு வயது. காவலூருக்கு மேலே அத்திக்கொல்லை என்ற சின்ன ஊரில் மேட்டு நிலம். சாமை விதைப்பார்கள், நாலைந்து புளியமரம் உண்டு. கணவர் அர்ச்சுனன் அதிகம் பேசாதவர். மருமகள் ஈஸ்வரி அதற்கும் சேர்த்துப் பேசுவாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சர்க்கரை மாத்திரை வாங்குவதற்காக மாணிக்கம்மாள் முகாமுக்கு வந்திருந்தார். வரிசையில் நின்றவரின் ரப்பர் செருப்புக்கு அடியில் ஏதோ மின்னுவதைப் பார்த்துக் காலைத் தூக்கச் சொன்னேன். செருப்பு கழன்று வரவில்லை. ஆணி ஒன்று ரப்பரைத் துளைத்துச் செருப்பையும் காலையும் சேர்த்துத் தைத்திருந்தது.

“வலிக்கலையாக்கா?” என்று கேட்டேன்.

“இன்னா வலி? வர்ற வழியில செருப்பு கொஞ்சம் இழுத்துச்சி. சேறு ஒட்டினு கீதுன்னு நெனச்சேன் சார்,” என்றார்.

நாலு கிலோமீட்டர் அந்த ஆணியோடு மலைப்பாதையில் இறங்கி வந்திருக்கிறார். பாதத்தின் நரம்புகளைச் சர்க்கரை எப்போதோ தின்று தீர்த்திருந்தது. ஆணி குத்திய இடம் பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு. அங்கே புண் வைத்து, ஆற எட்டு மாதம் ஆனது. திருப்பத்தூரில் பார்த்த டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: அதே இடம் இன்னொரு முறை திறந்தால் முன்பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

நான் என் கைத்திறமை முழுவதையும் காட்டி ஒரு ஜோடி செருப்புச் செய்துகொடுத்தேன். மெத்தென்ற ரப்பர், விரல்மேட்டுக்கு நேராகப் பள்ளம், பின்னால் வார். அடுத்தடுத்த மாதங்களில் பார்த்தால் அதே இடத்தில் தோல் காய்த்துத் தடித்திருந்தது. காய்ப்பின் நடுவே கருப்பாக ஒரு புள்ளி. உள்ளே இரத்தம் கட்டினால்தான் அந்தப் புள்ளி வரும். புண் பின்னாலேயே வரும். செருப்பைப் போடுவதே இல்லை என்று நான் கத்தினேன்.

ஈஸ்வரி விடவில்லை. “வூட்டுக்குள்ளகூட அதோடதான் எங்க அத்த நடக்குது. செருப்பு சரியில்லன்னா செருப்ப சொல்லுங்க. எங்க அத்தய இன்னாத்துக்கு சொல்றீங்க?”

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிவேதா எங்கள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்தாள். அவள் கொண்டுவந்த கருவியை முதலில் பார்த்தபோது எனக்கு மரியாதை வரவில்லை. செருப்புக்குள் போடுகிற மெல்லிய அட்டை, அதிலிருந்து ஒரு ஒயர், கணுக்காலில் கட்டிக்கொள்ள ஒரு தீப்பெட்டி அளவு பெட்டி. பாதத்தில் எந்த இடம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை அட்டை அளக்கும். போனில் இரண்டு பாதம் தெரியும். லேசாக அமுங்கினால் நீலம், அளவு மீறினால் சிவப்பு. மீறிய அந்த நொடியில் பெட்டி கீச்சென்று கத்தும்.

“அண்ணா, உங்க செருப்புலயும் தப்பில்ல, அவங்க மேலயும் தப்பில்ல. நடையிலதான் இருக்கு,” என்றாள் நிவேதா.

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதும்மா,” என்றேன்.

காவலூர் முகாமில் மாணிக்கம்மாளின் செருப்பில் அட்டையைப் போட்டு நடக்கவிட்டாள். போன் திரையில் வலது பெருவிரல் மேடு குங்குமம் கொட்டியது போலச் சிவந்தது. மாணிக்கம்மாள் போனை வாங்கிக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

“இது என் காலா? இம்மாம் செவப்பாவா கீது?”

நிவேதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினாள். மேடேறிப் பழகிய கால் முன்பாதத்தால் தரையை உதைத்து உதைத்து நடக்கும். அங்கே நோகிறது என்றால் யாருடைய காலும் தானே விலகிக்கொள்ளும். நோவு தெரியாத காலுக்கு “போதும்” என்று சொல்ல ஆளில்லை. இனி இந்தப் பெட்டி சொல்லும்.

வலது காலின் முதல் நாற்பது அடியில் பெட்டி முப்பத்தாறு முறை கத்தியது. வெளியே இருந்த நாய்கள் பதிலுக்குக் குரைத்தன. “என் மாமியாரு இருவது வருசம் திட்டுனாங்க. இது அவுங்களயே தூக்கி சாப்ட்டுடும் போல கீதே,” என்றார் மாணிக்கம்மாள். அர்ச்சுனன் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

“சின்ன அடியா வைங்கம்மா. தரைய உதைக்காம, முட்டியிலேர்ந்து கால தூக்கி வைங்க,” என்று நிவேதா கூடவே நடந்தாள். அடுத்த நாற்பதில் இருபது. மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒன்பது.

நான் செருப்பு வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். செத்த நரம்பு செத்ததுதான். அதை எழுப்ப யாராலும் முடியாது. ஆனால் காலிலிருந்து மூளைக்குப் போக முடியாத சேதி, காது வழியாகப் போய், திரும்பக் காலுக்கே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. பாலம் உடைந்தால் பஸ் சுற்றுவழியில் ஊர் வந்து சேர்வதைப் போல. சுரைக்காயைப் பற்றி நான் சொன்னதை நிவேதா மறந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஆறு வாரத்துக்குக் கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். எங்களிடம் மொத்தமே நாலு செட்தான். இரண்டு வாரம் கழித்து அவரை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்துப் பெட்டியின் பதிவை எடுத்தபோது நூறு அடிக்கு ஆறு கீச்சு. காய்ப்பு பாதியாகக் கரைந்திருந்தது. நான்காவது வாரம் பதிவை எடுத்த நிவேதா புருவத்தைச் சுருக்கினாள்.

“தினம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஒரு அடிகூட இல்லண்ணா. பத்து நாளா இப்படி. கேட்டா, சும்மா குந்தினு இருந்தேன்னு சொல்றாங்க.”

மலைக்காரர்கள் அறுவடை நடக்கும் கார்த்திகை மாதத்தில் பட்டப்பகலில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு அத்திக்கொல்லைக்குப் போனேன்.

டிராக்டர் ஏற வழியில்லாத மேட்டுக் களம். சாமைத் தாளைப் பரப்பி நாலு மாடுகளைக் கட்டிச் சுற்றவிட்டிருந்தார்கள். பின்னால் ஹை ஹை என்று ஓட்டிக்கொண்டு போனவர் மாணிக்கம்மாள். வெறுங்கால். களத்தோரப் புளியமரக் கிளையில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. எட்டிப் பார்த்தேன். நான் செய்த செருப்பும், அட்டையும், பெட்டியும் பத்திரமாக உள்ளே இருந்தன.

“அக்கா! மொதல்ல எறங்குங்க!” என்று கத்தினேன். அர்ச்சுனன் மாடுகளைப் பிடித்து நிறுத்தினார்.

“களத்துல எப்பிடி சார் செருப்போட ஏறுறது? தானியம் கீற எடம்,” என்றார் மாணிக்கம்மாள். பயந்த மாதிரி தெரியவில்லை. இது தெரியாத ஆளும் உண்டா என்று கேட்பது போல இருந்தது. “எங்க வூட்ல, களம் மெழுகி ஈரம் காயறதுக்குள்ள வூட்டுப் பொம்பள மொத கதிர எடுத்துனு ஒரு சுத்து வரணும். அவ கால் பதிஞ்சாத்தான் மாடு எறங்கும். நான் கட்டிக்கினு வந்த வருசத்துலேர்ந்து இந்தக் களத்துல என் காலுதான் சார்.”

அவரைக் கல்லில் உட்காரவைத்துப் பாதத்தைப் பார்த்தேன். பெருவிரல் மேட்டில் நீர்க்கொப்புளம். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் உடைந்திருக்கும். நான்கு வாரத்து உழைப்பு அந்தக் கொப்புளத்தில் போய்விட்டது. போதாததற்கு, நான் செய்த செருப்பு மரத்தில் தொங்குகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“சரி, போடவே வேணாம். அடுத்த வருசம் ஒத்தக் காலோட சுத்தி வாங்க. உங்க சாமி பாக்கட்டும்,” என்றேன்.

நான் கொப்புளத்துக்குக் கட்டுப் போடும்வரை மாணிக்கம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. போட்டு முடித்ததும் மஞ்சப்பையை இறக்கி, அட்டையையும் பெட்டியையும் எடுத்து என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு களத்துக்கு வெளியே இருந்த கல்லில் திரும்பப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வண்டியைக் கிளப்பினேன்.

மார்கழி முகாமுக்கு அவர் வரவில்லை. தை முகாமுக்கும் மாசி முகாமுக்கும் வரவில்லை. மாத்திரை வாங்க ஈஸ்வரிதான் வந்தாள். “எங்க அத்த வராது,” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பேசுகிறவள் பேசாமல் போனது எனக்குப் பயமாக இருந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“நீங்க அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணா,” என்றாள் நிவேதா. தெரியும். கொட்டிய பாலை அள்ள முடியாது என்பதும் தெரியும்.

பங்குனியில் ஒரு காலை நேரம், புது ஜோடி ஒன்றைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் யாரும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனால், வேலியோரம் ஒரு முழ அகலத்தில் நீளமாகச் செம்மண் பாத்தி. ஈரமாக, வழவழவென்று இருந்தது. மாணிக்கம்மாள் அதன்மேல் மெதுவாக நடந்து போனார். இரண்டு கால்களும் முழுசாக இருந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பாத்தியின் கடைசிவரை போனவர் இறங்கி, திரும்பி வந்து குந்தினார். பதிந்த அடிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். நாலாவது அடியில் விரல் நின்றது. “இங்க அமுக்கிட்ட,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மண்ணை உள்ளங்கையால் தடவி அழித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து நடந்தார்.

அப்போதுதான் என்னைப் பார்த்தார். “வாங்க சார். கால் கீதா போச்சான்னு பாக்க வந்தீங்களா?” என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“சொல்லக் கூடாத வார்த்தய சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்கக்கா.”

“வார்த்த கெடக்குது. கால பாருங்க.”

கழுவித் துடைத்துக் காட்டினார். காய்ப்பு இல்லை. கருப்புப் புள்ளி இல்லை. பெருவிரல் மேட்டில் மற்ற இடத்தைப் போலவே மெல்லிய தோல். நான் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

அவரே சொன்னார். அன்றைக்கு நான் திட்டிவிட்டுப் போன பிறகு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தாராம். மாடு மிதிக்காத களத்து ஓரத்தில், களம் மெழுகிய அன்று ஈரத்தில் அவர் பதித்த அடிகள் காய்ந்து அப்படியே கிடந்தன. எல்லா வலது அடியிலும் பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி.

“போன்ல செவப்பா தெரிஞ்ச அதே எடம் சார், களத்துல குழியா கெடந்துச்சி. பெட்டி கட்டுனப்ப ஒழுங்கா நடந்த காலு, அது இல்லன்னதும் பழைய புத்திய காட்டிடுச்சி. போலீசு நின்னாத்தான் ஹெல்மெட்டு போடுவானுங்களே, அந்த மாதிரி. பெட்டிய நீங்க எடுத்துனு போய்ட்டீங்க. சரி, மண்ணு இங்கதான கீதுன்னு நெனச்சேன்.”

“கொடுத்தது நீங்கதானேக்கா,” என்றேன்.

“குடுக்கற மாதிரி யாரு பேசுனா?” என்றார்.

மண்ணைச் சல்லடையில் சலித்து, தண்ணீர் தெளித்து, கையாலேயே தடவிப் பரப்புவாராம். “கால் பாக்காதத கை பாக்கும்,” என்றார். கல்லோ முள்ளோ கைக்குத் தப்பாது. தினமும் காலையில் குழி விழாமல் போக வர நடக்கும்வரை விடுவதில்லை. அப்புறம் காலைக் கழுவி, கண்ணாடியில் அடிப்பாதத்தைப் பார்த்து, செருப்பை மாட்டிக்கொண்டால் படுக்கும்வரை கழற்றுவதில்லை. “அந்தப் பொண்ணு போன்ல காட்டலன்னா எந்த எடத்த பாக்கறதுன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது,” என்று நிவேதாவுக்கு உரியதை அவளுக்குக் கொடுத்தார்.

பிறகு என்னையும் நடக்கச் சொன்னார். ஷூவைக் கழற்றிவிட்டு எட்டு அடி வைத்தேன். அவர் குந்தி, இரண்டு மூன்று இடத்தில் விரலை வைத்தார். “எடது முட்டி நோவுதா சார்? பாரமெல்லாம் வலது பக்கமே எறக்கறீங்களே.”

இரண்டு வருடமாக இருக்கிற வலி. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. காலைப் பார்த்தே ஆளைச் சொல்வேன் என்று பெருமை பேசுகிற நான் அந்த ஈர மண்ணில் என் அடிகளையே குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

அடுத்த முகாமுக்கு அவர் வந்தார். நிவேதா பெட்டியின் ஓசையை அணைத்துவிட்டு அளந்தாள். நூறு அடிக்கு ஒரே ஒரு சிவப்பு. அவள் இன்னொரு முறை அளந்து பார்த்தாள். அப்போதும் ஒன்றுதான்.

இந்தக் கார்த்திகையில் ஈஸ்வரியிடமிருந்து போன் வந்தது. “நாளைக்குக் களம் மெழுகறோம் சார். மாடு ஓட்டறத நானும் மாமாவும் பாத்துக்கறோம். மொத சுத்து மட்டும் அத்த வரணும்னுது. நீங்க வந்து காலயும் களத்தயும் பாக்கணுமாம். வேணாம்னு சொன்னீங்கன்னா ஏறாதாம்.”

வெறுங்காலைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு இருபத்தாறு வருடமாக நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: கூடாது. அந்தப் பதிலோடுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் மெழுகிய களத்தின் ஓரமாக அர்ச்சுனன் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அப்படித்தானாம். மனைவி நடக்கப்போகிற வட்டத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் தடவிக்கொண்டே சுற்றியிருக்கிறார். கையில் அகப்பட்ட பொடிக்கல்லையும் ஒரு துண்டு முள்ளையும் ஓர் இலையில் எடுத்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த இலையைக் காட்டினார்.

நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நோகிற முட்டியோடு ஒரு சுற்றுத் தடவி வந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. மாணிக்கம்மாளின் பாதத்தைப் பார்த்தேன். எழுந்து, “சுத்துங்கக்கா,” என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கதிர்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் களத்தில் ஏறினார். அட்டை இல்லை, பெட்டி இல்லை, கீச்சும் இல்லை. கீழே குனிந்து பார்க்கவும் இல்லை. சின்னச் சின்ன அடியாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். பாதியில் ஒரு மாடு கத்தியது. ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். சுற்றி முடித்து இறங்கினார்.

நான் களத்துக்கு வெளியே ஓரமாகத் தவழ்ந்து, பதிந்த அடி ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக்கொண்டே போனேன். எல்லாம் தட்டில் வழித்த கூழ் போல ஒரே மட்டமாக இருந்தன. இருபது அடி தாண்டியிருக்கும். ஓர் அடியில் விரல் லேசாக இறங்கியது. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“அந்த எடத்துல கொஞ்சம் அமுக்கிட்டேன் சார். மாடு கத்துச்சில்ல, திரும்பிட்டேன்,” என்றார் களத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து.

ஆணி குத்தியது தெரியாத கால் அது. நாலு கிலோமீட்டர் தெரியாமல் நடந்த கால்.

“எப்பிடிக்கா தெரிஞ்சது?”

வலது காலைக் குனிந்து பார்த்தார். “தெரியல சார். ஆனா தெரிஞ்சுது,” என்றார்.

கல்லில் உட்கார்ந்து காலைக் கழுவினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். அர்ச்சுனன் மாடுகளைக் களத்தில் இறக்கினார்.